எண்ணும் ஏரும்

காவிரி பாயும் நாட்டிற் பிறந்தார்க்கு எண் என்பது பள்ளியிற் கற்கும் பாடம் மட்டுமன்று. யாம் சிறுவராயிருந்த காலத்தில் எம் இல்லத்திற் காலைதோறும் முதன்முதற் காதில் விழுந்தது ஓர் எண்ணேயாம். "மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி?" என்று எம் பாட்டனார் திண்ணையிலிருந்து வினவுவார். செய்தித்தாளை முதலிற் கையில் எடுத்தவர் எவராயினும், உலகச் செய்திகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அணையின் நீர்மட்டத்தை உரக்கப் படித்தல் வேண்டும். 1934-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையின் நிறைமட்டம் 120 அடி. ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் குறுவைக்காக மதகு திறத்தல் வழக்கம். நீர் போதாத ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப் போதலும் உண்டு. ஆகலின் வைகாசி மாதத்தில் அவ்வெண் சிறிது ஏறினால் எங்கள் தெருவில் முகங்கள் மலரும். இறங்கினால் பேச்சுக் குறையும். இன்று பாட்டனார் இல்லை. செய்தித்தாள் இருந்த இடத்திற் கைப்பேசி வந்துள்ளது. அவ்வினா மட்டும் மாறாமல் எம் தந்தையார் வாயில் நிற்கின்றது.

தரவுகளையும் இலக்கமுறைக் கருவிகளையும் கொண்டு வேளாண்மையைத் திருத்துதல் பற்றி இக்காலத்திற் பலரும் பேசுகின்றனர். விண்ணிற் சுழலும் துணைக்கோள் பயிரின் பசுமையை அளக்கின்றது. ஆளில்லாச் சிறு வானூர்தி வயலின்மேற் பறந்து மருந்து தெளிக்கின்றது. தமிழ்நாட்டரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் செயலி, அங்காடி விலையையும் விதை இருப்பையும் மானியங்களையும் உழவர்க்கு அறிவிக்கின்றது. இவற்றின் நுட்பங்களை விரித்துரைக்க யாம் உழவியல் கற்றோமல்லோம். தமிழ் பயிலும் மாணாக்கரேம். எனினும் உழவர் குடியிற் பிறந்தோம். எண்ணொன்றைப் பிழைபட உணர்ந்து எம் குடும்பத்திற்கு யாம் வருவித்த இழப்பையும், அதன்பின் கற்றுக்கொண்டதனையும் மறையாது எழுதினால், எம்மையொத்த மாணாக்கர்க்கு அது பயன்படும் என்னும் துணிவினால் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

தரவு என்னும் சொல் தமிழ் மாணாக்கர்க்குப் புதியதன்று. ஒத்தாழிசைக் கலிப்பாவின் முதலுறுப்புத் தரவு என்பதனையும், அதன்பின் தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் வருதல் முறை என்பதனையும் யாப்பிலக்கணத்தில் அறிந்துளோம். அளந்தும் எண்ணியும் தொகுத்த செய்திகளையும் இன்று தரவு என்றே வழங்குகின்றனர். இப்பெயரொற்றுமை முதலாண்டு வகுப்பில் ஒருநாள் எமக்குத் தோன்றியபோது, அருகிலிருந்த நண்பரிடம் கூறி நகைத்தோம். தரவு மட்டும் நின்றால் பாட்டு முடியாது என்பதனை அன்று யாம் நகைப்பிற்காகக் கூறினோம். அது எத்துணை உண்மை என்பதனை அவ்வாண்டுத் தை மாதம் எமக்குக் கற்பித்தது.

அதனைக் கூறுமுன் எம் பாட்டனாரின் கணக்கேட்டினைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பாட்டனார் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்தவர். ஓய்வு பெற்றபின் பத்து மா நிலத்திற் பயிரிட்டு வாழ்ந்தார். நீண்ட கணக்கேடு ஒன்றில் அவர் நாற்று விட்ட நாள், நட்ட நாள், களையெடுத்த நாள், பூச்சி கண்ட நாள், அறுத்த நாள் ஆகிய எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதி வைத்தார். மழையை அவர் அளந்தது எங்கள் ஊர் வழக்கின்படியேயாம். ஏர் இறங்கும் ஆழத்திற்கு மண் நனைந்தால் ஓருழவு மழை. அதனினும் மிக்கால் ஈருழவு மழை. ஒவ்வொரு போகத்தின் இறுதியிலும் கண்டுமுதல் இத்தனை மூட்டை என்றும், அதில் அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலிற் படைத்தது இவ்வளவு என்றும் எழுதிக் கோடிடுவார். "இவற்றையெல்லாம் எதற்கு எழுதுகின்றீர்கள், தாத்தா?" என்று யாம் வினவியதுண்டு. "சென்ற ஆண்டு செய்த பிழையை இந்த ஆண்டும் செய்யாதிருக்கத்தான், தம்பி" என்பது அவர் விடை. அவர் மறைந்தபின் அவ்வேட்டில் எவரும் எழுதவில்லை. தந்தையாருக்கு எழுத நேரமில்லை, எமக்கு மனமில்லை. கைப்பேசி இருக்க ஏடு எதற்கு என்பது எம் எண்ணம்.

யாம் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டுத் தை மாதம், சம்பாப் பயிர் முற்றி நின்றது. ஒருநாள் மாலை விடுதிக்குத் தந்தையாரிடமிருந்து அழைப்பு வந்தது. அறுவடை இயந்திரம் அண்டை ஊருக்கு வந்திருக்கின்றது; அன்றிரவே வேண்டுமென்றால் வாடகை மிகுதி; மூன்று நாள் பொறுத்தால் எங்கள் ஊர் வயல்களை வரிசையாக அறுக்கும், வாடகையும் குறையும். வரப்போரக் கதிர்களிற் சிறிது பச்சையும் இருந்தது; பொறுத்தால் அதுவும் பழுக்கும், நெல்லின் ஈரமும் குறையும். மழை மட்டும் வாராதிருத்தல் வேண்டும். "மூன்று நாளைக்கு மழை உண்டா, தம்பி? உன் பேசியிற் பார்த்துச் சொல்" என்றார்.

யாம் பார்த்தோம். மேகத்தின் பின்னே பாதி தெரியும் கதிரவன் படம் ஒன்று இருந்தது. அதன்கீழ் 30 விழுக்காடு என்னும் எண் இருந்தது. மறுநாள் எமக்குத் தேர்வு. நூறில் முப்பது என்பது சிறிதுதானே என்று கருதி, "மழையில்லை, அப்பா, பொறுக்கலாம்" என்று கூறிவிட்டு நூலை விரித்தோம். கல்லூரியிற் படிக்கும் மகன் கூறினான் என்பதனால் தந்தையார் மறுவினாவின்றிப் பொறுத்தார்.

இரண்டாம் நாள் இரவு மழை பெய்தது. விடியும்வரை விடவில்லை. பயிர் படுத்துவிட்டது. நீர் வடிய ஐந்து நாளாயிற்று. அதற்குள் சாய்ந்த கதிர்களில் நெல் முளைகட்டியது. சேற்றில் இறங்கும் சங்கிலிச் சக்கர இயந்திரத்தைத்தான் பின்னர் அழைக்க வேண்டியதாயிற்று. அது மணிக்கணக்கில் வாடகை கொள்வது. சாய்ந்த பயிரை அறுக்க அதற்கு இரட்டிப்பு நேரமாயிற்று. அறுத்த நெல்லைச் சாலையோரத்தில் உலர்த்தினர். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. பெருமழைக் காலங்களில் அரசு அதனைச் சிறிது தளர்த்துதலும் உண்டு. எங்கள் நெல் அவ்வெல்லைக்குள் வரப் பலநாள் வெயில் வேண்டியதாயிற்று. முளைத்த நெல்லைத் தனி வணிகர் குறைந்த விலைக்கு எடுத்தனர். கூட்டுறவுச் சங்கத்தில் அடகிருந்த அன்னையாரின் கழுத்துச் சங்கிலி, அவ்வாண்டு மீட்கப்படுவதாயிருந்தது. அது மீளவில்லை. எம் கல்லூரிக் கட்டணம் மட்டும் நாள் தவறாமற் செலுத்தப்பட்டது.

தந்தையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். "வானத்தை யார் கண்டார்?" என்றதோடு விட்டார். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். விடுமுறைக்குச் சென்றபோது அன்னையாரின் வெறுங்கழுத்தைக் காண நாணினோம்.

முன்னறிவிப்புப் பொய்த்தது என்று கூறி யாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அது பொய்க்கவில்லை. முப்பது விழுக்காடு என்பதன் பொருள் மழை சிறிதாகப் பெய்யும் என்பதன்று. மழையே இல்லை என்பதுமன்று. அன்றைய நிலை போன்ற நிலையில் பத்து நாள்கள் அமைந்தால், அவற்றுள் மூன்று நாள்களில் மழை பெய்தலை எதிர்பார்க்கலாம் என்பதே அதன் பொருள். பெய்யும் மழை சிறிதா பெரிதா என்பதனை வேறோர் எண் கூறும். மேலும், அக்கணிப்பு அகன்ற ஒரு நிலப்பரப்பிற்கு உரியது. எங்கள் பத்து மாவிற்கென்றே கூறியதன்று. இவற்றையெல்லாம் பின்னர் நூலகத்திலிருந்து படித்தறிந்தோம். எண் தன் கடமையைச் செய்தது. அதனைச் சொல்லாக மாற்ற வேண்டிய யாம் எம் கடமையைச் செய்யவில்லை. 'பத்தில் மூன்று' என்று கூறியிருந்தால், முப்பது ஆண்டு உழுத தந்தையார் தம் மண்ணையும் கதிரையும் கடனையும் சீர்தூக்கித் தாமே ஒரு முடிவு செய்திருப்பார். யாமோ அவர் செய்ய வேண்டிய முடிவை, அவருடைய வயலைக் காணாமலே, விடுதி அறையிலிருந்து செய்துவிட்டோம்.

அவ்விடுமுறையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. தந்தையார் பாட்டனாரின் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எம் கையில் தந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று வினவினார். சில ஆண்டுகட்கு முன் பெற்று, படிக்கப்படாமலே கிடந்த மண்வள அட்டை அது. நாடு முழுதும் உழவர்க்கு அவ்வட்டையை வழங்கும் திட்டம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் இராசத்தானத்துச் சூரத்கர் நகரில் தொடங்கப்பெற்றது. மண்ணைப் பன்னிரண்டு வகையால் ஆராய்ந்து அட்டையிற் குறிப்பர். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து, கந்தகம் என்பன நான்கு. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்னும் நுண்சத்துக்கள் ஐந்து. கார அமில நிலை, மின்கடத்து திறன், அங்ககக் கரிமம் என்பன மூன்று.

பன்னிரண்டு பெயர்களும் தமிழெழுத்தில் இருந்தன. தந்தையார்க்கு அவை தமிழாக இல்லை. "மின்கடத்து திறன் என்றால் என்ன? வயலில் மின்சாரம் ஏது?" என்றார். எமக்கும் விடை தெரியவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பேம் என்று ஊரெல்லாம் அறியும். அந்த ஒரு தொடருக்குப் பொருள் கூற இயலாது தலைகுனிந்தோம். உழவர்க்கெனக் கட்டணமின்றி 2004-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்னும் எண்ணிற்குப் பேசினோம். மறுமுனையில் இருந்தவர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். மண்ணிற் கரைந்துள்ள உப்பு மிகுந்தால் அதன் கரைசலில் மின் எளிதாகப் பாயும். ஆகலின் அவ்வெண்ணைக் கொண்டு உப்பின் அளவை அறிகின்றனர் என்றார். யாம் அதனைத் தந்தையார்க்குக் கூறினோம். "உப்பு என்று எழுதியிருந்தால் எனக்கு அப்போதே விளங்கியிருக்குமே!" என்று அவர் வியந்தார். பன்னிரண்டிற்கும் அவ்வாறே எளிய சொற்களில் பொருளெழுதி அட்டையின் பின்புறம் ஒட்டினோம்.

அதன்பின் தந்தையார் வினவிய வினா எம்மை மேலும் திகைக்கச் செய்தது. "சரி, இந்த மண்ணை எந்த வயலில் எடுத்தார்கள்?" அத்திட்டம் தொடங்கிய காலத்து விதிப்படி, பாசன நிலத்தில் இரண்டரை எக்டேர்க்கு ஒன்றும், மானாவாரி நிலத்திற் பத்து எக்டேர்க்கு ஒன்றுமாக மண்மாதிரி எடுத்தனர். இரண்டரை எக்டேர் என்பது ஏறத்தாழ ஆறேகால் ஏக்கர். எங்கள் பக்கத்து வழக்கிற் சொன்னால் வேலிக்குச் சிறிதே குறைவு. அவ்வளவு நிலத்தில் எங்கள் ஊரில் நால்வர் ஐவர் பயிரிடுவர். ஒருவர் சாணமே இடுவார். ஒருவர் உரக்கடை மூட்டையையே நம்புவார். ஒரு பிடி மண் அனைவருக்கும் பேசுதல் எங்ஙனம்? இவ்வளவு பெரிய நாட்டில் ஒரே காலத்தில் ஒவ்வொரு வயலையும் ஆராய்தல் அரிது என்பதனை உணர்கின்றோம். ஆயினும் எம் வயலை அறிய வேண்டுமாயின் எம் மண்ணையே அளத்தல் வேண்டும் என்பதும் விளங்கிற்று.

கோடையில் தந்தையாரும் யாமும் மண்வெட்டியுடன் வயலில் இறங்கினோம். வரப்போரமும் மரநிழலும் எருக்குவித்த இடமும் விலக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பல இடங்களில் ஆப்பு வடிவிற் குழி பறித்தோம். அரையடி ஆழம்வரை பக்கவாட்டில் மண்ணைச் சீவி எடுத்தோம். அதனை நிழலில் உலர்த்தி, கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பகுத்தோம். எதிரெதிர்ப் பகுதி இரண்டினைத் தள்ளி, எஞ்சியதனை மீண்டும் பகுத்து, அரைக்கிலோ வரும்வரை அவ்வாறே செய்தோம். துணிப்பையில் இட்டு ஆய்வகத்திற்குக் கொடுத்தோம். வந்த விடை தந்தையார் எதிர்பாராதது. ஆண்டுதோறும் அவர் விலை கொடுத்து வாங்கியிட்ட மணிச்சத்து மண்ணிற் போதிய அளவிற்கு மேலேயே இருந்தது. ஒருநாளும் அவர் கருதியிராத துத்தநாகமோ குறைந்திருந்தது. எக்டேர்க்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு இடுமாறு பரிந்துரைத்தனர். டி.ஏ.பி. மூட்டையில் மிச்சமான பணத்திற் சிறுபகுதியே அதற்குச் செலவாயிற்று.

கைப்பேசியும் ஆய்வகமும் இன்றியும் பயிரை அளக்கலாம் என்பதனை இலைவண்ண அட்டை எமக்குக் கற்பித்தது. பிலிப்பைன்சில் 1960-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் பரப்பிய எளிய கருவி அது. வெளிர்பச்சை முதற் கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் அமைந்திருக்கும். வாரம் ஒருமுறை காலையில், எம் நிழலை இலைமேல் விழச்செய்து, நன்கு விரிந்த மேலிலையை அப்பட்டைகளோடு ஒப்பிடுதல் வேண்டும். பத்து இலைகளைப் பார்த்து, அவற்றுள் ஆறோ அதற்கு மேலோ குறித்த பட்டையினும் வெளிறியிருந்தால் மட்டுமே தழையுரம் இடுதல் வேண்டும். அண்டை வயலில் யூரியா இட்டால் தம் வயலிலும் இடுதல் எங்கள் ஊர் வழக்கம். தழைச்சத்து மிகின் பயிர் மெலிந்து நெடிது வளரும். பூச்சியும் குலைநோயும் மிகும். காற்றிலும் மழையிலும் எளிதிற் சாயும். இதனைக் கேட்ட தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, "அன்றைக்கு மழை மட்டும் சாய்க்கவில்லை, தம்பி, நான் போட்ட யூரியாவும் சேர்ந்துதான் சாய்த்தது" என்றார். பழியிற் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டது எம் மேலுள்ள இரக்கத்தால் என்பதனை யாம் அறியாமலில்லை. எனினும் அவர் கூற்று உண்மையே.

மறுபோகமாகிய குறுவைக்கு ஆழ்குழாய் நீரை அண்டையாரிடம் விலைக்கு வாங்கியே பயிரிட்டோம். அதனால் அந்நிலையத்தார் கூறும் மற்றொரு முறையையும் செய்து பார்த்தோம். ஓரடி நீளக் குழாயொன்றில் துளைகளிட்டு, 20 சென்டிமீட்டர் மண்ணுள் அமையுமாறு வயலில் ஊன்றினோம். குழாயுள் நீர், மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழிறங்கியபின் மட்டும் நீர் பாய்ச்சினோம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீரை வற்றவிடவில்லை. வயலில் எப்பொழுதும் நீர் நிற்றல் வேண்டும் என்று பழகிய கண்களுக்கு முதலில் அச்சமாகவே இருந்தது. "மேலே காய்ந்தாலும் கீழே வேர் குடித்துக்கொண்டிருக்கிறது" என்று தந்தையார் குழாயை எட்டிப் பார்த்துத் தமக்குத் தாமே கூறிக்கொண்டதனை யாம் கேட்டோம். நீர்க்கூலி அப்போகத்திற் குறைந்தது.

இவற்றை எழுதுங்கால் பாட்டனாரின் ஏடு எம் நினைவிற்கு வருகின்றது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843-ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமை ஆராய்ச்சி அதே வயலில் இன்றும் நடைபெறுகின்றது. கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உர ஆராய்ச்சி வயலும் அத்தகையதே. ஒரே நிலத்தில் இன்ன உரமிட்டு இவ்வளவு கண்டது என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றனர். ஓராண்டு எண் ஒன்றையும் உறுதியாகக் கூறாது. பல்லாண்டு எண்கள் கூடியே மண்ணின் குணத்தை வெளிப்படுத்தும். எம் பாட்டனார் அவ்வாராய்ச்சிகளின் பெயரையும் கேட்டிரார். எனினும் அவர் தம் பத்து மாவில் செய்தது அவ்வினமே. யாம் இகழ்ந்து மூடிவைத்த ஏடே எங்கள் குடும்பத்தின் முதற்றரவு.

எண்ணை மக்கள் மொழியிற் கூறுதலால் விளையும் நன்மைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டு புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை நடுவாகக் கொண்டு சிற்றூர்களில் தகவல் நிலையங்கள் அமைத்தனர். உழவர்க்கு வேண்டிய விலை முதலியனவும் அங்குக் கிடைத்தன. கடலோரத்து வீராம்பட்டினத்தார்க்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதனைப் பெற்று, தமிழில் ஆக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கணிப்பொறியைத் தொட்டறியாத மீனவரும் அதனைக் கேட்டுக் கடலுக்குச் செல்வதா வேண்டாவா என்று தாமே முடிவு செய்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் ஊரில் அத்தகைய ஒலிபெருக்கியின் வழியே எச்சரிக்கை கூறி மக்களை உயிர் தப்பச் செய்தனர். அங்கே கருவி பெரிதன்று. எண்ணை வாங்கி ஊரார் மொழியில் உரக்கக் கூறிய ஒருவர் இருந்தார் என்பதே பெரிது.

இறுதியாக ஒரு குறையையும் கூறல் வேண்டும். எங்கள் பத்து மாவில் நான்கு மா வாய்மொழிக் குத்தகை. பட்டா நிலவுடையவர் பெயரில் உள்ளது. கணிப்பொறி அவரையே உழவர் என்று அறியும். அந்நிலத்தில் நாள்தோறும் இறங்கும் எம் தந்தையாரை அறியாது. 2016-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள பயிர்க்காப்பீட்டுத் திட்டமும், பயிர் முழுதும் நிற்கும்போது நேரும் இழப்பைப் பெரும்பாலும் ஊரளவிற் கண்ட சராசரி விளைச்சலைக் கொண்டே கணிக்கின்றது. ஒரு வயலின் துயரம் சராசரியிற் கரைந்துபோதல் கூடும். ஆகலின் தரவு பெருகினாற் போதும், உழவர் வாழ்வர் என்று நாம் கருதிவிடலாகாது. யாருடைய வயலை அளந்தது, யார் பெயரில் எழுதியது, உழுதவர் கைக்கு மீண்டும் வந்ததா என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும்.

சென்ற தை மாதத்தில் விடுதிக்கு மீண்டும் அழைப்பு வந்தது. அறுவடை இயந்திரம் வந்திருக்கின்றது. பொறுக்கலாமா என்பதே வினா. கைப்பேசியைக் கையிலெடுத்தபோது எம் விரல்கள் நடுங்கின. எண் அதே முப்பது. "அப்பா, பத்தில் மூன்று பங்கு மழைக்கு இடமுண்டு, ஏழு பங்கு இல்லை. பெய்தால் பெரிதாகப் பெய்யும் என்று சொல்லவில்லை. இது நம் வட்டாரம் முழுதுக்கும் சொன்னது" என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் ஒலியில்லை. "சரி. தாழ்ந்த வயலை இன்றைக்கே அறுத்துவிடுகிறேன். மேட்டு வயல் நிற்கட்டும், பெய்தாலும் அங்கே நீர் நில்லாது" என்றார். அவ்விடையை எந்தச் செயலியும் தந்திராது. எண்ணின்றி அவரும் தந்திரார்.

மழை பெய்யவில்லை. தாழ்ந்த வயலுக்குச் சிறிது மிகுதியாக வாடகை கொடுத்ததே செலவு. மேட்டு வயல் நன்கு உலர்ந்து அறுவடையாயிற்று. அன்னையாரின் சங்கிலியும் பங்குனிக்கு முன்னரே மீண்டது. ஊர் சென்றபோது பாட்டனாரின் ஏடு திண்ணையில் விரிந்து கிடந்தது. பாட்டனாரின் கடைசிக் கோட்டின்கீழ், தந்தையாரின் பெரிய எழுத்தில், "மழை பத்தில் மூன்று என்றான் தம்பி. பள்ளத்து வயலை முன்னே அறுத்தோம். பெய்யவில்லை" என்று எழுதியிருந்தது. அதன்கீழ்க் கண்டுமுதல் குறித்துக் கோடிடப்பட்டிருந்தது.

நம் கல்லூரியில் உழவர் குடியிற் பிறந்தார் பலர் உள்ளனர். அறிவியல் பயில்வார் எண்ணைத் தருக. கணக்கும் பொருளியலும் பயில்வார் அதனைச் சரிபார்க்க. தமிழ் பயிலும் நாம் அதனை நம் தந்தையர்க்கும் தாயர்க்கும் விளங்கும் சொல்லாக்கித் தருதல் வேண்டும். முடிவு செய்யும் உரிமையை மட்டும் ஏர்பிடித்த கைக்கே விட்டுவிடுதல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பெட்டியிலும் பரணிலும் படிக்கப்படாமற் கிடக்கும் அட்டையொன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதனை எடுத்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.